யார் ஜெயித்தது என்று கேட்ட ஊர்

1971 டிசம்பர் 16ஆம் தேதி மாலை, டாக்காவின் ரமணா குதிரைப் பந்தயத் திடலில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, பாகிஸ்தான் தளபதி நியாசி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. அன்று ராத்திரியே ரேடியோவில் அந்தச் செய்தி கோபிசெட்டிபாளையத்துக்கு வந்துவிட்டது. படம் வரத்தான் நாளாயிற்று. பாரியூர் குண்டம் முடிந்து, பொங்கலும் போய், நெல் அறுப்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ராத்திரி ஆட்டத்தில், எம்.ஜி.ஆர். படத்துக்கு முன்னால் அது திரையில் ஓடியது.

நியூஸ் ரீல் அப்படித்தான் வரும். பம்பாயில் இருந்த பிலிம்ஸ் டிவிஷன் வாரம் ஒன்று தயாரிக்கும். படம் போடுவதற்கு முன்னால் எல்லாக் கொட்டகைக்காரர்களும் அதைப் போட்டாக வேண்டும். புதுப் பிரதி பட்டணத்துத் தியேட்டர்களுக்குப் போகும். அங்கே ஓடி முடித்து, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று இறங்கி டூரிங் டாக்கீசுக்கு வந்து சேர்வதற்குள் பிரதி முழுக்க மழை பெய்யும். கேரளத்தில் வெள்ளம் என்று காட்டுவார்கள், அங்கே தண்ணீர் வடிந்து மறுநடவே முடிந்திருக்கும். நியூஸ் ரீல் ஓடும் நேரம் என்றால் பெரியவர்கள் பீடி பற்ற வைக்க வெளியே போகும் நேரம் என்று அர்த்தம். டாக்கா ரீலுக்கு மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. நியாசி தோள்பட்டைச் சின்னத்தைக் கழற்றித் துப்பாக்கியை ஒப்படைத்ததைப் பற்றிப் பெரியவர்கள் முன்பே பேசிப் பேசி, எங்களுக்கு அது மனப்பாடம். அதைக் கண்ணால் பார்க்கத்தான் தரை டிக்கெட்டில் அத்தனை கூட்டம். விசில் பறந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாரு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நெம்பப் பேரு செத்தாங்களா கண்ணு?" எனக்குத் தெரியவில்லை. ரீல் அதைச் சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் அந்த ரீலில் போரே இல்லை. டாங்கி போகும், கொடி பறக்கும், சனம் கையாட்டும், கடைசியில் மேசை, பேனா, கையெழுத்து. 93,000 பேர் சிறைப்பட்டார்கள் என்று கணீரென்ற குரல். சண்டை நடந்த 13 நாளும் எங்களுக்குக் காதால் கேட்ட கதை. டிசம்பர் 4 ராத்திரி கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. இந்தியக் கடற்படை இன்றுவரை அந்த நாளைத்தான் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறது. கோபிக் கொட்டகையில் அதன் ஒரு பிரேமைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. இன்னொன்றும் பார்க்கவில்லை, அது பார்வையில் படாததுகூட எங்களுக்குத் தெரியாது. வங்கதேச விடுதலைப் படையின் தலைமைத் தளபதி உஸ்மானி அந்தத் திடலிலேயே இல்லை. யார் மண்ணுக்காகச் சண்டை நடந்ததோ அவர்களுடைய தளபதி இல்லாமலே கையெழுத்து நடந்தது. எங்கே அவர் என்று கேட்கும் வழக்கம் அன்றைக்குக் கொட்டகையில் கிடையாது. ஜெயித்தவர் கேமராவைப் பிடித்திருந்தார், அவர் காட்டியதை நாம் பார்த்தோம். யார் ஜெயித்தது என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில். வேறு கேள்விக்கு அதில் இடமில்லை.

நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை இது. 1945இல் பெர்லின் விழுந்தபோது ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் வீரர்கள் செங்கொடி ஏற்றும் படம் பள்ளிக்கூடப் புத்தகம் வரைக்கும் வந்திருக்கிறது. யெவ்கெனி கால்தேய் எடுத்தது. கொடி முதலில் ஏறியது ஏப்ரல் 30 ராத்திரி, அப்போது படமெடுக்க ஆளில்லை. மே 2ஆம் தேதி கால்தேய் சொந்தமாக ஒரு கொடி கொண்டுபோய், ஆட்களை ஏற்றி நிறுத்தி எடுத்தார். அந்தக் கொடிக்கு மேசை விரிப்புத் துணி. ஒரு வீரனின் இரண்டு கையிலும் கடிகாரம் இருந்ததாம். கொள்ளையடித்ததாகத் தெரியுமே என்று ஒன்றைச் சுரண்டி அழித்துவிட்டார்கள். ஜெயித்தது நெசம், நாள் மட்டும் பொய். அரை நூற்றாண்டுக்கு அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை.

போரைப் பற்றி டிவியில் வரலாற்றுப் படம் எடுப்பதற்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தது 1973இல் பிரிட்டனில் தேம்ஸ் டெலிவிஷன் ஒளிபரப்பிய 'தி வேர்ல்டு அட் வார்'. மொத்தம் 26 பகுதி. பின்னணிக் குரல் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே. பழைய ரீலைக் காட்டி, அங்கே இருந்தவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, நடுவில் நிதானமான ஒரு குரல் கதையை இழுத்துக்கொண்டு போகும். தளபதிகளோடு சாதாரணச் சனமும் வந்து பேசியது அதில்தான் கண்ணில் பட்டது. நான் அதைப் பார்த்தது கேபிள் வந்து பல வருஷம் கழித்து. கேபிளுக்கு முன்பெல்லாம் நம்மூரில் கொடைக்கானலைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம். ஒருத்தர் மொட்டைமாடியில் நின்று திருப்ப, இன்னொருத்தர் கீழே இருந்து "வருது, வருது, போச்சு" என்று கத்துவார். கல்யாணத்துக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். அதற்கிடையில் ஒரு வரலாற்றுப் படத்தை யார் தேடினார்கள்!

2009க்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

இலங்கைப் போரின் கடைசிக் கட்டம் கோபிக்கு வந்த விதம் விநோதமானது. ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது. அதற்கு முந்திய செப்டம்பரிலேயே ஐ.நா. ஆட்கள் அந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சுதந்திரமான பத்திரிகையாளர் யாரையும் சண்டை நடக்கும் பக்கம் அரசு விடவில்லை. செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ராத்திரி 9.15க்கு பி.பி.சி. தமிழோசையைப் பிடிக்கப் பழைய பிலிப்ஸ் ரேடியோவைத் தூசு தட்டி எடுத்தவர்கள் உண்டு. இலவசமாக வந்த டிவி அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது, அதில் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்த ஜனவரி 29க்குப் பிறகு ஊர்வலம், கடையடைப்பு, பேருந்து நிலையத்தில் தட்டி. ஆனால் படம் இல்லை. மழைபெய்த பழைய நியூஸ் ரீலாவது எங்களுக்குக் கிடைத்தது. இதில் அரசுத் தரப்பு எடுத்த ஆளில்லா விமானக் காட்சியும், இணையத்தில் கசிந்த சில துண்டுகளும்தான்.

நாள்கணக்கைப் பாருங்கள். மே 13 தமிழ்நாட்டில் ஓட்டுப்போட்ட நாள். மே 16 எண்ணிய நாள். மே 18 முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்ற நாள். தொகுதி மறுசீரமைப்பில் கோபி மக்களவைத் தொகுதி என்ற பெயரே அந்தத் தேர்தலோடு மறைந்து, நாங்கள் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்தோம். பேக்கரியில் நின்றவர்களில் பாதிப் பேர் அதைப் பேசினார்கள், பாதிப் பேர் அதையும் பேசவில்லை. டிவியில் மேலே யார் எத்தனை ஓட்டு முன்னணி, கீழே எத்தனை பேர் பலி. மேலே இருந்ததைத்தான் பார்த்தோம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்புறம் இரண்டு வருஷம். 2011 ஜூன் 14ஆம் தேதி லண்டன் சேனல் 4, 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' என்ற ஆவணப்படத்தை ராத்திரி நெடுநேரம் கழித்து ஒளிபரப்பியது. இயக்கம் கேலம் மக்ரே, தொகுத்து வழங்கியவர் ஜான் ஸ்னோ. தமிழ்நாட்டில் கட்சிகளும் இயக்கங்களும் அதைக் குறுந்தகட்டில் பதிந்து கைக்குக் கை கொடுத்தார்கள். ஈரோடு, கோபி, சத்தி, அந்தியூர் என்று பல இடங்களில் திரை கட்டியும் போட்டார்கள். பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்காத ஒன்று இருந்தது. இதில் கேமரா யார் கையில்? பதில் மூன்று. குண்டு விழுந்த பதுங்குகுழிக்குள் இருந்த சனத்தின் கைபேசி. விடுதலைப் புலிகளின் படப்பிடிப்புப் பிரிவில் இருந்தவர்கள் எடுத்தது. மூன்றாவதுதான் வயிற்றைப் பிசைவது: ஜெயித்த சிப்பாய்கள் தங்கள் கைபேசியில், கோப்பையைப் போல வைத்துக்கொள்ள, தாங்களே எடுத்தது. டாக்கா ரீலில் ஜெயித்தவர் காட்ட நினைத்ததை எடுத்தார். இங்கே ஜெயித்தவர் மறைக்க வேண்டியதை எடுத்திருந்தார்.

கோபிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. நெல்வயலும் தென்னந்தோப்பும் கொடிவேரி அணையும் இருப்பதால் எங்களூரைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோவில் இங்கே பக்கம்தான். வாய்க்கால் மேட்டில் ஷூட்டிங் நடந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டே நின்று பார்ப்போம். குண்டு வெடிப்பது எப்படி, ரத்தம் எப்படிச் செய்கிறார்கள், சட்டைக்குள் என்ன வைக்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே ஒரு பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். அதனால் அந்தக் குறுந்தகட்டைப் பார்த்ததும் உரக்கக் கேட்காமல், மெதுவாகக் கேட்டார்கள்: "ஏனுங்க, இது நெசந்தானுங்களா?"

யார் ஜெயித்தது என்று கேட்ட ஊர் அது. நாற்பது வருஷத்தில் கேள்வி மாறிவிட்டது. மாறியதில் கெடுதல் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கேட்டவர்களில் பலர் ஈழத்துக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தவர்கள்.

அந்தக் கேள்வியை ஐ.நா.வும் கேட்டிருந்தது. கண்ணும் கையும் கட்டி, நிர்வாணமாக உட்கார வைத்துச் சுடும் காட்சியை 2009 ஆகஸ்டிலேயே சேனல் 4 காட்டிவிட்டது. போலி என்றது கொழும்பு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் ஒப்படைத்தார். துப்பாக்கி தெரிந்தவர் ஒருவர், தடயவியல் மருத்துவர் ஒருவர், வீடியோ ஆய்வாளர் ஒருவர். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் விதம், குழலில் வரும் புகை, உடல் சரியும் விதம், ரத்தம், வீடியோவில் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து, இது உண்மையானது என்றே எல்லாம் காட்டுகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார்கள். அதே அறிக்கையில் தங்களுக்கு விளங்காதவற்றையும் எழுதி வைத்தார்கள். சுடப்பட்ட சிலரின் அசைவு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 பிரேம், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்தது மே மாதம் என்றால் ஜூலை எப்படி வந்தது? விடை தெரியவில்லை என்றார்கள். நான் அந்த நிபுணர்களை நம்பியது அறிக்கையின் அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான்.

கொழும்பும் சும்மா இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் 2011 ஆகஸ்டில் 'லைஸ் அக்ரீட் அப்பான்' என்று எதிர் ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டது. ஒரு போரின் முடிவைச் சொல்ல ஒரே ரீல் இருந்த காலம் போய், படத்துக்குப் படம் பதில் சொல்லும் காலம் வந்தது. இந்தப் படங்களுக்கு முன்பே ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை நம்பத்தகுந்த மதிப்பீடாகச் சொன்னது. அடுத்த வருஷம் வந்த ஐ.நா. உள்விசாரணை அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. மருத்துவமனைகள் மறுபடி மறுபடி தாக்கப்பட்டதை நிபுணர் குழு எழுதியது. தப்பி ஓடிய சனத்தைப் புலிகள் தடுத்ததையும், சிலரைச் சுட்டதையும் அதே அறிக்கை எழுதியது. ஆவணப்படமும் அதைச் சொல்கிறது. நம்மூர்ப் பேச்சில் இந்த இரண்டாவது விஷயம் எளிதாக விழுங்கப்பட்டது. படம் முடிந்து வெளியே வந்து பேசியவர்கள், அந்த இடத்தில் மட்டும் இருமிவிட்டுத் தாண்டினார்கள்.

நெசந்தானா என்ற கேள்வியையே கேட்காத ஒருவரோடு நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். சத்தியமங்கலம் தாண்டி, பவானிசாகர் அணைக்கருகே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிச் சொன்னது, கூப்பிடுவது இன்றும் முகாம் என்றுதான். அங்கே ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்ட் வேலை. எங்கள் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வந்தவர் 1990இல் படகேறி வந்த மன்னார்க்காரர். சொந்தங்களில் சிலர் வன்னியில் இருந்தார்கள். வேலை முடிந்து பொழுதோடே கைகால் கழுவிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர், மேசையில் அந்தக் குறுந்தகட்டைப் பார்த்துவிட்டு, போடச் சொன்னார். வேண்டாமே என்றேன். "பரவாயில்லை, போடுங்கோ" என்றார்.

நான் திரையின் நடுவைப் பார்த்தேன். அவர் ஓரத்தைப் பார்த்தார். அழுகிறவரையோ கிடக்கிறவரையோ விட்டுவிட்டு, பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், தார்ப்பாய்க்குக் கீழே குந்தியிருப்பவர்கள், பாதி மட்டும் தெரியும் முகங்கள். ஒரு இடத்தில் முன்னுக்கு நகர்ந்து, "ஒருக்கா பின்னால விடுங்கோ அண்ணை" என்றார். விட்டேன். மறுபடி விடச் சொன்னார். பெயிண்ட் காயாத விரலைத் திரைக்கு அருகே கொண்டுபோய், ஒரு பெண்ணின் முகத்தின் மேல் படாமல் நிறுத்தினார். நின்ற படத்தில் முகம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. "இல்லை. வேற ஆள்" என்று நகர்ந்து உட்கார்ந்தார். அந்த வீடியோ உண்மையா என்று நிபுணரைக் கூட்டி வந்து கேட்கும் உலகத்தில், அதை ஒரு காணாமல்போனோர் பட்டியலாகப் பார்க்கிறவரும் இருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

2013இல் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' வந்தது. புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், 12 வயது, மணல்மூட்டைக் காவலறையில் உட்கார்ந்து தின்பண்டம் தின்னும் படமும், பிறகு குண்டடிபட்டுக் கிடக்கும் படமும் பிப்ரவரியில் பத்திரிகைகளில் வெளியாயின. மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. அதே வருஷம் நவம்பரில் இசைப்பிரியா பற்றிய வீடியோவைச் சேனல் 4 வெளியிட்டது. புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். சண்டையில் இறந்தார் என்று இராணுவம் சொல்லியிருந்தது. வீடியோவில் உயிரோடு சிப்பாய்களின் பிடியில் இருக்கிறார். போர்ச் செய்தி வாசித்தவரே தடயமாகிப்போன இடம் அது. 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் 'நோ ஃபயர் ஸோன்' படத்துக்குச் சான்றிதழ் தர மறுத்தது. மக்ரே அதை இந்தியர்களுக்கு இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார். எந்தப் படத்தைக் கட்டாயம் போட வேண்டும் என்று அரசு ஒருகாலத்தில் கொட்டகைக்காரர்களுக்குச் சொன்னது. எதைப் போடக்கூடாது என்று சொன்ன காலத்தில் கொட்டகையே தேவைப்படவில்லை.

இதையெல்லாம் வைத்து, சனம் தெளிந்துவிட்டது, எதையும் சோதித்துத்தான் நம்பும் என்று நான் இரண்டொரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். 2025 மே மாதம் அந்தப் பேச்சைக் கெடுத்தது.

இந்தியா-பாகிஸ்தான் சண்டையின் நடுவில், மே 8 ராத்திரி, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை அழித்துவிட்டது என்று செய்தி. டிவியில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, தீப்பிடித்து எரியும் படத்தோடு வந்தது. விடிந்தால் கராச்சித் துறைமுகம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. சுற்றிய படங்களில் ஒன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அந்த ஜனவரி கடைசியில் விமானம் விழுந்து எரிந்த காட்சி. 1971இல் கராச்சி நெசமாகவே எரிந்தது, கோபியில் ஒருத்தரும் பார்க்கவில்லை. 2025இல் எரியவில்லை, ஊரே பார்த்தது. நான்கு நாள் சண்டை அது, மே 10ஆம் தேதி நின்றது. அதற்குள் வந்து விழுந்த வீடியோக்களில் சில வீடியோ கேமிலிருந்து எடுத்தவை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே (பி.ஐ.பி.) எச்சரிக்க வேண்டி வந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் கச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் பப்ஸும் டீயுமாக நின்றிருந்தோம். கைபேசியில் ஒரு காட்சி கை மாறி வந்தது. ராத்திரி வானம், கீழிருந்து சரசரவென்று குண்டு பாய்கிறது, மேலே ஒரு விமானம் வெடித்துச் சிதறுகிறது. எங்களோடு நின்ற பெரியவர் வயலில் எத்தனையோ ஷூட்டிங் பார்த்தவர், போலி ரத்தத்தைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பவர். "அடேயப்பா, விழுந்துச்சு பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாலிடெக்னிக் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கேமுங்க தாத்தா. ஆர்மான்னு ஒண்ணு இருக்குது, நாங்க ஆடியிருக்கோம். புகை பாருங்க, காத்தே இல்லாத மாதிரி நேரா போகுது" என்றான்.

பெரியவர் கைபேசியைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, புகையைப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

"செரி, அப்ப அங்க நெசமா என்னதான்டா நடக்குது?"

"அது எனக்கும் தெரியாதுங்க. இது இல்ல, அது மட்டுந்தான் தெரியும்."